உஜாலா, உஜ்வலா, உதய், உடான்

ஒரு சின்னப் பரீட்சை. பேப்பர், பேனா எதுவும் வேண்டாம்.

உஜாலா, உஜ்வலா, உதய், உடான். நான்கும் மத்திய அரசு கொண்டுவந்த திட்டங்கள். இதில் எது எல்.இ.டி. பல்பு, எது சமையல் காஸ், எது மின்வாரியங்களின் கடன், எது விமானம்? முப்பது செகண்ட் தருகிறேன். உஜாலா என்றதும் சொட்டு நீலம் ஞாபகம் வந்தால் தப்பில்லை. பாதி தமிழ்நாட்டுக்கு அதுதான் ஞாபகம் வரும்.

விடை இதோ. உஜாலா – பல்பு, 2015. உஜ்வலா – காஸ் இணைப்பு, 2016. உதய் – மின்வாரியக் கடன், 2015. உடான் – சின்ன ஊர்களுக்கு விமானம், 2016. நான்கையும் தடுமாறாமல் சொல்லிவிட்டீர்களா? அப்படியானால் உங்கள் வீட்டில் யாரோ ஐ.ஏ.எஸ்.ஸுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மாதிரி விஷயங்களைச் சேகரித்து, கட்டம் கட்டி, கலர் அடித்து விற்கும் ஒரு எழுத்து வகை நம் நாட்டில் செழிப்பாக இருக்கிறது. பெயர் கரன்ட் அஃபேர்ஸ். தமிழில் 'நடப்பு நிகழ்வுகள்'. ஒரு காலத்தில் பேங்க் பரீட்சை எழுதப் போகிறவர்கள் இயர் புக் ஒன்றை வாங்கி வருஷம் முழுக்க ஓட்டுவார்கள். வீட்டில் மற்றவர்களும் எடுத்துப் புரட்டுவார்கள். இப்போது மாதத் தொகுப்பு, வாரத் தொகுப்பு, தினத் தொகுப்பு என்று வந்துவிட்டது. பரீட்சைக்கு முன்னால் 'ஒரு வருஷம் ஒரே மூச்சில்' என்கிற மாதிரி தொகுப்புகளின் தொகுப்பும் கிடைக்கிறது. காலையில் காபி குடிப்பதற்குள் அன்றைய ஐந்து கேள்விகள் மொபைலில் வந்து விழுகின்றன.

சினிமாவை விமர்சிக்கிறோம். நாவலை விமர்சிக்கிறோம். லட்சக்கணக்கான இளைஞர்கள் இருபத்தொரு வயதிலிருந்து முப்பதைத் தாண்டும்வரை அடிக்கோடு போட்டுப் போட்டுப் படிக்கும் இந்த எழுத்தை மட்டும் யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. இந்த வாரம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில், எத்தனை பேர் விவகாரம் இது என்று பார்ப்போம். 2024-ம் ஆண்டு சிவில் சர்வீஸ் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 9 லட்சத்து 92 ஆயிரம் பேர். முதல்நிலைத் தேர்வை நிஜமாகவே போய் எழுதியவர்கள் 5 லட்சத்து 83 ஆயிரம். அதில் தேறி மெயின் தேர்வுக்குப் போனவர்கள் 14,627. கடைசியில் தேர்வானவர்கள் 1,009. அதாவது விண்ணப்பம் போட்டவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர். மீதி 999 பேர் அடுத்த வருஷத் தொகுப்பை வாங்குகிறார்கள், அல்லது ஊருக்குத் திரும்புகிறார்கள். பொதுப் பிரிவினருக்கு ஆறு தடவை, பிற்படுத்தப்பட்டோருக்கு ஒன்பது தடவை எழுத வாய்ப்பு உண்டு. ஆக, ஒரு மனிதனின் வாலிபத்தில் கணிசமான பகுதி இந்தப் பக்கங்களில் கழிகிறது. அந்தப் பக்கங்களின் தரம் என்ன என்று கேட்பது நியாயம்தானே?

தரம் என்றால் அச்சு, பிழைகள் பற்றிச் சொல்லவில்லை. உழைத்துத்தான் செய்கிறார்கள். பத்திரிகைகளையும் அரசு அறிக்கைகளையும் சலித்து எடுத்து, மாதம் தவறாமல் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. நூலகம் இல்லாத ஊரில், ஆங்கிலப் பத்திரிகை வராத தெருவில் உட்கார்ந்து படிக்கும் ஒரு பெண்ணுக்கு இந்தத் தொகுப்பு ஒரு வரப்பிரசாதம். அதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் பேசுகிறேன்.

என் குறை வேறு. சில தொகுப்புகளை வரிசையாக வைத்துப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் படும். செய்தியில் 'ஆரம்பித்தார்கள்' என்பது மட்டும் இருக்கும். 'அப்புறம் என்ன ஆச்சு?' என்பது இருக்காது. திட்டத்தின் பெயர், தொடங்கிய தேதி, எந்த அமைச்சகம், எத்தனை கோடி. அவ்வளவுதான். ஒரு குழந்தை பிறந்தது என்று பிறப்புச் சான்றிதழ் மட்டும் ஃபைல் பண்ணிக்கொண்டே போகிறார்கள். குழந்தை வளர்ந்ததா, ஸ்கூலுக்குப் போனதா, யாருக்கும் தெரியாது.

உதாரணத்துக்கு உடானையே எடுத்துக்கொள்வோம். தொகுப்பில் வரும் வரி இப்படித்தான் இருக்கும்: 'சாமானியரும் பறக்க. அக்டோபர் 2016. விமானப் போக்குவரத்து அமைச்சகம். முதல் விமானம் ஏப்ரல் 2017, சிம்லா–டெல்லி.' நான்கு துண்டு. நான்கிலும் கேள்வி எடுக்கலாம்.

ஆனால் உடான் என்பது நிஜத்தில் ஒரு சுவாரஸ்யமான கணக்கு. சின்ன ஊருக்கு விமானம் விட்டால் கம்பெனிக்கு நஷ்டம். அதனால் சுமார் பாதி சீட்டுகளை ஒரு உச்சவரம்புக் கட்டணத்தில் விற்க வேண்டும், ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்கிற மாதிரி. அதில் வரும் நஷ்டத்தை மூன்று வருஷத்துக்கு அரசு ஈடுகட்டும். பணம் எங்கிருந்து வருகிறது? பெரிய வழித்தடங்களில் பறக்கும் விமானங்கள் மீது ஒரு தீர்வை, அதோடு மாநில அரசின் பங்கு. சென்னையிலிருந்து மும்பைக்குப் போகிறவர், தனக்கே தெரியாமல், சேலத்துக்குப் போகிறவரின் டிக்கெட்டுக்குக் கொஞ்சம் காசு போடுகிறார். மூன்று வருஷத்தில் அந்த வழித்தடம் சொந்தக் காலில் நின்றுவிடும் என்பது எதிர்பார்ப்பு.

நின்றதா? இந்தக் கேள்விக்கான பதில் 2023 ஆகஸ்டில் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையில் இருக்கிறது. முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் மூன்று வருஷத்தை முழுசாக முடித்தவை 112. அதற்கு அப்புறமும் 2023 மார்ச் வரை ஓடிக்கொண்டிருந்தவை 54. இப்போது சேலத்தைப் பாருங்கள். 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் வந்தது. 2021-ல் நின்றது. கொரோனா காலம் வேறு. 2023 அக்டோபரில் மறுபடி வந்தது.

ஒரு வருங்கால கலெக்டர் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? 2016 அக்டோபர் என்ற தேதியையா, மானியம் நின்றால் விமானம் ஏன் நிற்கிறது என்பதையா? முதலாவதை அவருடைய டிரைவரே மொபைலில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

'எங்களைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? கேள்வியே அப்படித்தானே வருகிறது' என்று தொகுப்பு போடுகிறவர்கள் கேட்கலாம். கேட்டால், பாதி நியாயம் அவர்கள் பக்கம் இருக்கிறது.

முதல்நிலைத் தேர்வின் பாடத்திட்டத்தில் முதல் வரியே, தேசிய சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நடப்பு நிகழ்ச்சிகள் என்பதுதான். கேள்வித்தாளில் ஒரு பிரபலமான வாசகம் உண்டு: சில சமயம் செய்திகளில் அடிபடும் இன்ன சொல் எதைக் குறிக்கிறது? 2016 கேள்வித்தாளில் இந்த ரகம் எக்கச்சக்கம். 'நெட் மீட்டரிங்' என்றால் என்ன, 'மிஷன் இந்திரதனுஷ்' எதற்கு என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். மொட்டை மாடியில் சோலார் போட்டவர்களுக்கு முதல் கேள்வி அல்வா. மற்றவர்களுக்குத் தொகுப்புதான் கதி. அந்த வருஷத்துக்கு அப்புறம் தொகுப்புகள் தடித்ததில் ஆச்சரியம் இல்லை.

பிறகு ஆணையம் கொஞ்சம் உஷாரானது. 2023-ல் கேள்விகளின் வடிவம் மாறியது. முன்பெல்லாம் 'ஒன்றும் மூன்றும் சரி', 'இரண்டு மட்டும் சரி' என்று விடைகள் இருக்கும். ஒரு வாக்கியம் தப்பு என்று தெரிந்தாலே இரண்டு விடைகளைக் கழித்துவிட்டு மீதியில் குறி பார்க்கலாம். இப்போது 'மேற்கண்டவற்றில் எத்தனை சரி? ஒன்றா, இரண்டா, மூன்றுமா?' என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் பற்றி நிச்சயமாகத் தெரிந்தால்தான் டிக் அடிக்க முடியும். தப்பானால் மூன்றில் ஒரு பங்கு மார்க் போய்விடும்.

நோக்கம் நல்லதுதான், குருட்டாம்போக்கில் அடிக்கிறவர்களைத் தடுப்பது. ஆனால் விளைவு என்ன தெரியுமா? 'முழுசாகத் தெரிந்தால்தான் மார்க்' என்றால், பயந்த பையன் இன்னும் குண்டான புத்தகத்தைத்தான் வாங்குவான். கேள்வி கேட்கிறவர்களும் தொகுப்பு போடுகிறவர்களும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். மூச்சு வாங்குவது என்னவோ பையனுக்கு.

மீதிப் பாதி நியாயம் எங்கே இருக்கிறது? மெயின் தேர்வில். அங்கே தேதியை யாரும் கேட்பதில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது ஞாபகம் இருக்கிறது இல்லையா? 2016 மெயின் தேர்வில் நகர வெள்ளம் பற்றி இரண்டு தாள்களில் கேள்வி வந்தது. 2020-ல் ஹைதராபாத், புனே மாதிரி பெரிய நகரங்கள் ஏன் மூழ்குகின்றன என்று மறுபடி கேட்டார்கள். 2024-ல் இன்னொரு தடவை: நகர வெள்ளத்துக்குக் காரணம் என்ன, இருபது வருஷத்தில் நடந்த இரண்டு பெரிய வெள்ளங்களைப் பற்றி எழுது, தடுக்க என்ன கொள்கைகள் இருக்கின்றன?

இங்கே கொஞ்சம் நிறுத்தி, 2024-ல் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் மெயின் தேர்வு செப்டம்பரில். அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால், ஜூலை 27, சனிக்கிழமை சாயங்காலம், டெல்லி பழைய ராஜிந்தர் நகரில் பலத்த மழை. தெருவில் தேங்கிய தண்ணீர் ஒரு ஐ.ஏ.எஸ். பயிற்சி மையத்தின் அடித்தளத்துக்குள் பாய்ந்தது. அந்த அடித்தளத்துக்கு அனுமதி இருந்தது சாமான் வைக்கவும் வண்டி நிறுத்தவும் மட்டும். அங்கே நூலகம் நடந்துகொண்டிருந்தது. படித்துக்கொண்டிருந்தவர்களில் மூன்று பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். உத்தரப்பிரதேசத்திலிருந்து ஒரு பெண், தெலங்கானாவிலிருந்து ஒரு பெண், கேரளத்திலிருந்து ஒரு பையன். சில நாளில் விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது. உச்சநீதிமன்றம் தானாகவே இந்த விஷயத்தைக் கையில் எடுத்தது.

நகர வெள்ளம் என்பது அவர்களுக்கும் ஒரு பாடம்தான். நோட்ஸ் எடுத்திருப்பார்கள். வடிகால் அடைப்பு, ஆக்கிரமிப்பு, கட்டட விதிமீறல் என்று காரணங்களை ஒன்று, இரண்டு, மூன்று போட்டு எழுதியிருப்பார்கள். அந்தக் காரணங்கள் அத்தனையும் அவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்கு வெளியிலேயே இருந்தன.

இதில் இன்னொரு செய்தி உண்டு. அது எந்தத் தொகுப்பிலும் கட்டம் கட்டி வராது. விபத்துக்கு ஒரு மாதம் முன்பே, அதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், அந்த மையம் அடித்தளத்தில் அனுமதியில்லாமல் நூலகம் நடத்துகிறது, ஆபத்து என்று அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் அனுப்பியிருந்தார். பதில் வராததால் நினைவூட்டலும் அனுப்பினார். அதற்குள் மழை வந்துவிட்டது.

அந்த மாணவர் பரீட்சையில் என்ன மார்க் வாங்கினார் என்பது என் கவலை இல்லை. நடப்பு நிகழ்வுகள் என்ற பாடத்தைச் சரியாகப் படித்தவர் அவர். படித்த விதியைத் தான் தினமும் நடக்கும் தெருவில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஆணையம் நேர்முகத் தேர்வைப் பற்றித் தன் அறிவிக்கையில் சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். தன் மாநிலத்திலும் நாட்டிலும் வெளியிலும் சுற்றி நடப்பவற்றில் ஒரு இளைஞன் அறிவோடு கூடிய அக்கறை காட்டியிருக்க வேண்டும், படித்த பிள்ளைக்கு ஆர்வம் பொங்க வேண்டும் என்கிற அர்த்தத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. ஆர்வத்தைக் கேட்கிறார்கள். கடையிலோ, ஆர்வமே இல்லாமல் ஒப்பேற்றுவதற்கான சரக்குதான் அதிகம் விற்கிறது.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு கஷ்டம் உண்டு. 1979-லிருந்து மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் கேள்வித்தாள் வருவது ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டும். முதல்நிலைத் தேர்விலும் அப்படித்தான். திட்டங்களின் பெயர்களோ பெரும்பாலும் ஹிந்தி. 'உஜ்வலா' என்றால் ஒளிமயம் என்று ஹிந்திக்காரப் பையனுக்குப் பெயரிலேயே பாதி விஷயம் கிடைத்துவிடும். நம்ம ஊர்ப் பையனுக்கு அது வெறும் சத்தம். அர்த்தமில்லாத சத்தத்தை ஞாபகம் வைக்க மனப்பாடத்தைத் தவிர வேறு வழி கிடையாது. தமிழ்த் தொகுப்புகள் செய்ய வேண்டிய முதல் வேலை, இந்தச் சத்தங்களைப் பிரித்து அர்த்தம் சொல்வது. பல தொகுப்புகள் ஹிந்திப் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டு, கூடவே ஆங்கில வாக்கியத்தை வார்த்தைக்கு வார்த்தை மாற்றிவைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகின்றன. அந்தத் தமிழைப் புரிந்துகொள்ள மறுபடி ஆங்கிலத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

ஹிந்தி மாணவர்கள் மட்டும் சொகுசாக இருக்கிறார்கள் என்றும் நினைக்காதீர்கள். 2014-ல் அவர்கள் டெல்லியில் தெருவில் இறங்கிப் போராடினார்கள். கேள்வித்தாளின் ஹிந்தி, அகராதியை வைத்து மொழிபெயர்த்த ஹிந்தி என்பது அவர்களுடைய புகார்களில் ஒன்று. எஃகு ஆலையைக் குறிக்கும் ஆங்கில வார்த்தை, ஹிந்தியில் 'இரும்புச் செடி' ஆகியிருக்கிறது என்று உதாரணம் காட்டினார்கள். மனப்பாடம் செய்தவன் கேள்வியை எழுதினாலும் அதே கதிதான், பதிலை எழுதினாலும் அதே கதிதான்.

சரி, என்னதான் செய்வது என்கிறீர்களா? தொகுப்பே வாங்காதே என்று சொல்ல மாட்டேன். வாங்குவதற்கு முன் கடையில் நின்றபடி ஒரு பரிசோதனை செய்யுங்கள். ஏதாவது ஒரு திட்டத்தையோ தீர்ப்பையோ எடுத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். இது வருவதற்கு முன்னால் நிலைமை என்ன? இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? இப்போது இது எந்த நிலையில் இருக்கிறது?

தேர்தல் பத்திரத் தீர்ப்பை வைத்துப் பாருங்கள். 2024 பிப்ரவரி 15, ஐந்து நீதிபதிகள், அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு என்று மட்டும் இருந்தால் புத்தகத்தை வைத்துவிடுங்கள். 2018-லிருந்து யார் கொடுத்தார்கள் என்பது வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் போக வழி இருந்தது, கட்சிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று அறிவது வாக்காளரின் உரிமை என்று நீதிமன்றம் சொன்னது, மார்ச் மாதம் விவரங்கள் வெளியே வந்தன என்று கதையாகச் சொல்லியிருந்தால் தாராளமாக வாங்கலாம். அப்படிப்பட்ட தொகுப்புகளும் சில இருக்கின்றன. அரசாங்கமே நடத்தும் 'யோஜனா'வின் தமிழ்ப் பதிப்பு 'திட்டம்' பல வருஷங்களாக வருகிறது. அதில் அரசின் பக்கத்தை அறியலாம். தணிக்கை அறிக்கையை வைத்து மறுபக்கத்தை அறியலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவனை மெயின் தேர்வு அவ்வளவு சுலபமாக அசைக்க முடியாது.

இன்னொரு யோசனை, செலவில்லாதது. பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்து மூன்று மாதம் விடாமல் பின்தொடருங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். இது தொகுப்பு சொல்வது. வேளச்சேரியில் ரூம் எடுத்துத் தங்கி இதை மனப்பாடம் செய்யும் பையன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சதுப்பு நிலத்தைப் பார்க்கட்டும். பக்கத்திலேயே பெருங்குடிக் குப்பைமேட்டைப் பார்க்கட்டும். சதுப்பில் கட்டடம் ஏறினால் தண்ணீர் எங்கே போகும் என்று அங்கேயே நின்று யோசிக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குள் வந்தது என்று வேளச்சேரி டீக்கடையில் கேட்டால் தெருப் பெயரோடு சொல்வார்கள். அப்புறம் அவன் நகர வெள்ளம் பற்றி எழுதும் பதிலைத் திருத்துகிறவர் ஒரு நிமிஷமாவது நிமிர்ந்து உட்கார்வார்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆயிரத்தில் 999 பேர் கலெக்டராகப் போவதில்லை என்று மேலே பார்த்தோம். அவர்கள் பேங்கில், பள்ளிக்கூடத்தில், கடையில், பஞ்சாயத்து அலுவலகத்தில் எங்காவது இருக்கப் போகிறார்கள். தேதிகளாகப் படித்தவனுக்கு பரீட்சை முடிந்த மறுவாரம் எல்லாம் மறந்துவிடும், ஐந்தாறு வருஷம் காற்றோடு போயிற்று என்ற கசப்புதான் மிஞ்சும். காரணங்களாகப் படித்தவன் வார்டு கவுன்சிலரிடம் வடிகால் கணக்கு கேட்பான், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுவான், பக்கத்து வீட்டுக்காரருக்குக் காஸ் மானியம் ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்துக் கொடுப்பான். தோற்றாலும் கையில் நிற்கிற படிப்பு அது ஒன்றுதான்.

அதனால் இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் உங்கள் வீட்டுப் பையனிடமோ பெண்ணிடமோ 'உடான் எந்த வருஷம்?' என்று கேட்காதீர்கள். 'சேலத்துக்கு விட்ட விமானம் நடுவில் ஏன் நின்றது?' என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் திட்ட வேண்டாம். ரெண்டு நாள் டயம் கொடுங்கள். தேடிப் பிடித்து வந்து சொன்னால் உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள்.